16 நாள் வேன் பயணம்: எழுதி வைத்துக் கிளம்புவதா, எழுதாமல் கிளம்புவதா?

தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதமாக ஒரு நீல நோட்டுப் புத்தகம் கிடக்கிறது. வரும் ஏப்ரலில் மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பி, 16 நாளில் மலேசியத் தீபகற்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி வீடு திரும்புவது என்று அவளும் மச்சானும் முடிவு செய்திருக்கிறார்கள். மச்சானின் அம்மாவும் கூட வருகிறார். அவருக்கு வயது 81. போவதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. எப்படிப் போவது என்பதில்தான் வீடு இரண்டாகிக் கிடக்கிறது.

மச்சான் ரப்பர் தோட்டத்து ஆபீசில் 30 வருடம் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர். ஆட்களின் வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோல் எழுதிய கை. நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எத்தனை மணிக்கு வண்டி நகரும், எங்கே பசியாறுவது, எந்த எண்ணெய் நிலையம், எந்த முகாம், எவ்வளவு வெள்ளி செலவு என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார். தங்கச்சி அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். அந்த நோட்டைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். “இருட்டோட எழுந்து பெரட்டுக்கு நின்னு, பேர் கூப்பிட்டா கை தூக்கி, எத்தன வருஷம்ண்ணே? இப்பவாச்சும் நெனச்ச எடத்துல வண்டிய நிறுத்தி, நெனச்ச நேரத்துல எழுந்திரிக்கிறேனே.”

இரண்டு வகையிலும் நான் போய் வந்திருப்பதால் என்னிடம் கேட்டார்கள். வாயால் சொன்னால் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எழுதவே உட்கார்ந்துவிட்டேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

முதலில் மச்சான் பக்கம். என் மகன் வெலிங்டனில் வேலை செய்தபோது, 2018 டிசம்பரில் நாங்கள் நான்கு பேர் ஒரு மோட்டார்ஹோமில் நியூசிலாந்தின் தெற்குத் தீவைச் சுற்றினோம். அங்கே டிசம்பரும் ஜனவரியும் கோடை. நாடே விடுமுறையில் சாலைக்கு வந்துவிடும். வெலிங்டனிலிருந்து பிக்டனுக்கு வண்டியோடு ஏறிக்கொள்ளும் கப்பல், குக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் எடுக்கும். அந்தப் பருவத்தில் நீளமான வண்டிக்கு இடம் வேண்டுமென்றால் பல வாரம் முன்பே பதிந்தாக வேண்டும். இருட்டியதும் கண்ட இடத்தில் ஒதுங்கிப் படுக்கவும் முடியாது. எங்கே இலவசமாகத் தங்கலாம், எங்கே கூடாது என்று கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 2011-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர் மன்றங்களுக்குக் கொடுத்தது. 2023-இல் அதை இன்னும் இறுக்கிவிட்டார்கள். மன்ற நிலத்தில் அப்படித் தங்க வேண்டுமானால், வேறு விதமாக அறிவித்த இடங்கள் தவிர, கழிப்பறை வண்டிக்குள்ளேயே நிலையாகப் பொருத்தப்பட்டுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்.

ஆகவே எல்லாம் எழுதி வைத்துத்தான் போனோம். 14 நாளில் 11 இரவுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அதனால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாலை 4 மணி ஆனதும் பல குடும்பங்களுக்குள் ஒரு சச்சரவு கிளம்பும்: இன்றைக்கு எங்கே படுக்கப் போகிறோம்? ஓட்டுகிறவர் களைத்திருப்பார், பிள்ளைகளுக்குப் பசி, ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொரு இடம். எங்கள் வண்டியில் அந்தச் சச்சரவு ஒரு நாள்கூட வரவில்லை. தேக்கப்போ ஏரிக்கரையில் எங்களுக்கென்று ஒரு எண் போட்ட இடம் காத்திருந்தது. கரண்டு இருந்தது, சுடுதண்ணி இருந்தது. நிம்மதியாகச் சாதம் வடித்துச் சாப்பிட்டோம்.

அதே திட்டம் எங்களிடமிருந்து ஒன்றைப் பறித்தும் கொண்டது. மவோரி மக்கள் அவோராக்கி என்று அழைக்கும் மவுண்ட் குக், 3,724 மீட்டர், அந்த நாட்டின் மிக உயர்ந்த மலை. அதன் அடிவாரத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த மாலை மேகம் தரைவரை இறங்கியிருந்தது. மலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. மறுநாள் காலை மேகம் மெல்ல விலக ஆரம்பித்தது. பனி போர்த்திய ஒரு தோள் மட்டும் வெளியே வந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் நின்றிருந்தால் முகம் முழுவதும் தெரிந்திருக்கும். ஆனால் வனாக்காவில் மதியம் 1 மணிப் படகுக்குப் பணம் கட்டியிருந்தோம். கிளம்பிவிட்டோம். என் மனைவி பின் சன்னலை விட்டு நகரவே இல்லை. அந்தப் படகு எப்படி இருந்தது என்று இப்போது எனக்கு ஞாபகமில்லை. அந்தத் தோள் ஞாபகமிருக்கிறது.

அந்த ஏக்கத்தில்தான் 2023 ஆகஸ்டில் நானும் அவளும் மட்டும் ஒரு சிறிய கேம்பர்வேனை எடுத்துக்கொண்டு, ஒன்றும் பதியாமல் கிழக்குக்கரைக்குக் கிளம்பினோம். முதல் மூன்று நாளைத் தங்கச்சி கேட்டால் துள்ளிக் குதிப்பாள். லெங்கோங்கில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். பக்கத்துக் குகை ஒன்றில் 1991-இல், 10,000 வருடத்துக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடு கிடைத்த கதையைக் கடைக்காரர் சொல்ல ஆரம்பித்தார். எழுந்தபோது மாலையாகிவிட்டது. அன்றைக்கு ஓடிய தூரம் 60 கிலோமீட்டர்கூட இருக்காது. மறுநாளும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக. அவசரமே இல்லாத அந்த நாட்கள் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

நான்காம் நாள் வியாழக்கிழமை, ஆகஸ்டு 31, மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள். கிளந்தானிலும் திரங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மெர்டேக்காவோடு அது ஒட்டிக்கொண்டு மூன்று நாள் தொடர் விடுமுறை ஆகிறது, பள்ளி விடுமுறையும் அதே வாரம்தான் என்று நான் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை. திரங்கானு கடற்கரையில் மூன்று முகாம்களில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரவு 9 மணிக்கு, கரண்டு வசதி இல்லாத ஓர் ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம்.

மனைவிக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் வண்டியின் குளிர்பெட்டியில் இருந்தது. குறைந்த தூரம் ஓட்டியதால் எஞ்சினிலிருந்து, விசிறியும் குளிர்பெட்டியும் ஓடும் உள் பேட்டரிக்குப் போதிய சார்ஜ் ஏறவில்லை. வானமும் மூடிக்கிடந்ததால் கூரையில் இருந்த சூரிய மின்தகடும் உதவவில்லை. புழுக்கத்தில் இரண்டு விசிறியையும் ஓடவிட்டோம். விடியற்காலை 3 மணிக்குக் குளிர்பெட்டி கத்திக்கொண்டே நின்றுபோனது. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் அதைக் காப்பாற்ற அது தானாகவே நின்றுவிடும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பது பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் குறைவான சூட்டில் நான்கு வாரம் தாங்கும். ஆனால் வெயில் ஏறிய பிறகு வேனுக்குள் 30 டிகிரி எந்த மூலை?

ஐந்தரை மணிக்கு ஒரு மாச்சிக், மலாய் அம்மா ஒருவர், நாசி டாகாங் சோற்றுக் கடை விரிக்க வந்தார். மனைவி போய்ப் பேசினாள். அவர் ஒன்றும் கேட்காமல் மருந்தை வாங்கித் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். என் மனைவி அவரோடு உட்கார்ந்து கெரோப்போக் லெக்கோர் என்ற மீன் பலகாரம் உருட்டக் கற்றுக்கொண்டாள். கரண்டுக்குக் காசு கொடுத்தால் கையைத் தட்டிவிட்டார். இன்றைக்கும் நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் அவருக்குக் கூப்பிடுவோம். தீபாவளிக்கு அவர் கூப்பிடுவார்.

இந்தக் கதையைச் சொன்னதும் தங்கச்சி கையைத் தட்டினாள். “பாத்தீங்களாண்ணே, திட்டம் போட்டிருந்தா அந்த மாச்சிக் உங்களுக்குக் கெடைச்சிருப்பாங்களா?” திட்டமில்லாத பயணத்துக்காகப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேட்டரி நிறைந்திருந்தாலும் காலையில் அவர் கடைக்குத்தான் பசியாறப் போயிருப்போம். சும்மா பேச்சுக் கொடுத்தாலே என் மனைவி இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிடுவாள். அவருடைய நல்ல மனசு எங்களுக்குத் தெரியவர, அவள் மருந்து கெட்டுப்போகும் நிலைக்கு வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்லது நடந்தது, ஆபத்தும் நடந்தது. ஒன்றுக்கு மற்றது விலை என்று நாம்தான் பிறகு சேர்த்துக் கட்டுகிறோம். அந்த மூன்று மணி இருட்டில் அவள் முகத்தைப் பார்த்தவன் அப்படிக் கட்ட மாட்டான்.

அதேபோல மச்சானிடமும் ஒன்று சொன்னேன். நியூசிலாந்தில் எங்களுக்கு நிம்மதி கொடுத்தது இரவுகளைப் பதிந்து வைத்தது. மலையைப் பறித்தது பகலைப் பதிந்து வைத்தது. இரண்டும் ஒரே நோட்டில் இருந்ததால் ஒரே பொருள் என்று நினைத்துவிட்டோம்.

இது எங்களுக்குப் புதிதும் அல்ல. எங்கள் அம்மா நாலு மணிக்கே எழுந்து உளியைத் தீட்டி வைப்பார். அன்று மழை பெய்தால் வெட்டு கிடையாது என்று அவருக்குத் தெரியும். பெய்யுமா பெய்யாதா என்று மண்டோருக்கும் தெரியாது, தொரைக்கும் தெரியாது. மழை விட்டு மரம் காய்ந்தால் தாமதமாகவேனும் இறங்குவார்கள். விடாவிட்டால் வீட்டுக்கு வருவார்கள். வானம் எப்படி இருந்தாலும் உளி தீட்டியாகியிருக்கும், பால் பிடிக்கும் மங்கு துடைத்தாகியிருக்கும், வாளி வாசலில் இருக்கும். தங்கச்சி பெரட்டை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாள். இதையும் அவள் பார்த்தே வளர்ந்தாள்.

மோட்டார்ஹோமுக்கு நீங்கள் நோட்டு எழுதாவிட்டாலும் அதற்கென்று ஒரு பெரட்டு உண்டு. அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். நம் ஆட்கள் இரண்டு வேளை குளிப்பவர்கள். எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். மூன்று பேருக்கு 45. சமையலும் பாத்திரமும் சேர்த்தால் 50-க்கு மேல். இரண்டாம் நாள் இரவு தொட்டி காலி. கழற்றிக் கொட்டும் வகைக் கழிவுப் பெட்டி 20 லிட்டர் அளவுதான் பிடிக்கும். மூன்று பேருக்கு அதுவும் இரண்டு நாள் கணக்கே. பேட்டரி: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் வகையில் ஏறத்தாழ 1,200 வாட்-மணி. பழைய ஈய வகையானால் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது, ஆக 600. கூரை ஏர்கோன் 1,000 வாட் அளவுக்கு இழுக்கும். ஒரு மணி நேரம் ஓடினாலே கதை முடிந்தது. 25 வாட் விசிறி இரவு முழுக்க 8 மணி நேரம் ஓடினால் 200 வாட்-மணிதான். 81 வயது அம்மாவை நம் ஊர்ப் புழுக்கத்தில் தொடர்ந்து விசிறியை மட்டும் நம்பிப் படுக்க வைக்க முடியாது. ஆகவே இரண்டு இரவுக்கு ஒரு முறையாவது கரண்டும் தண்ணியும் கொட்டும் இடமும் உள்ள முகாம் வேண்டும். தங்கச்சி ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் வண்டி அதைக் கேட்கும்.

இனி நம் சாலைகள். இங்கேதான் இடத்துக்கு இடம் தீர்ப்பு மாறுகிறது. மேற்குக்கரையில், வேலை நாளில், விடுமுறை இல்லாத வாரத்தில் போகிறவர்கள் எதையும் எழுத வேண்டியதில்லை. தைப்பிங், தெலுக் இந்தான், கோலசிலாங்கூர், போர்ட்டிக்சன் என்று ஊருக்கு ஊர் கடை, எண்ணெய், மருத்துவமனை எல்லாம் கைக்கெட்டும் தூரம். வண்டி மக்கர் பண்ணினாலும் பொழுது சாய்வதற்குள் ஒரு பட்டறை கிடைத்துவிடும். இந்தப் பக்கத்துக்கு நோட்டில் பக்கம் ஒதுக்கியதை மச்சான் தாராளமாகக் கிழித்துப் போடலாம்.

கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை வேறு கதை. 1982-இல் திறந்த சாலை; 100 கிலோமீட்டருக்கு மேல் காடு. யானை சாலையைக் கடக்கும், மூடுபனி இறங்கும், கைப்பேசிக்கு அலை கிடைக்காத இடங்கள் உண்டு. 2025 ஜூன் 9-ஆம் தேதி அதிகாலை இருட்டில் பண்டிங் ஏரி அருகே பல்கலைக்கழக மாணவர்களின் பேருந்து கவிழ்ந்து 15 பிள்ளைகள் இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. கிரிக்கிலேயே எண்ணெய் நிரப்பி, பட்டப்பகலில் கடந்து, பொழுது சாயும் முன் இறங்கிவிட வேண்டும். இதில் மனம் போன போக்குக்கு இடம் கொடுக்க மாட்டேன்.

கேமரன்மலைக்கு ஏறுவதாக இருந்தால், பெரிய வண்டிக்குத் தாப்பா வழியாகப் போகும் பழைய வளைவுச் சாலையைவிட சிம்பாங் பூலாய் வழி அகலம். நமக்கு ஈப்போ பக்கமிருந்து அதுதான் கிட்டவும். மெர்சிங்கிலிருந்து தியோமான் போகும் படகின் நேரத்தைக் கடல் ஏற்றவற்றம் முடிவு செய்யும். அங்கே முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவதே புத்தி. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை என்பதால் கிழக்குக்கரையை அந்த மாதங்களில் திட்டமிட்டும் போகவேண்டாம், திட்டமிடாமலும் போகவேண்டாம். இவர்கள் ஏப்ரல் என்று எடுத்தது நல்ல முடிவு. வியாழன், வெள்ளி இரவுகளில் கிளந்தான், திரங்கானு கடற்கரையில் இருக்காதபடி பார்த்துக்கொண்டால் போதும். ஜொகூர் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால் அங்கே கணக்கு வேறு.

பணத்தில் இரண்டு வழிக்கும் நான் நினைத்த அளவு வித்தியாசம் இல்லை. வட்டம் முழுக்க ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 ஓடினால் 170 லிட்டர் டீசல். 2024 ஜூனில் அரசு டீசல் மானியத்தை எடுத்தபோது 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய டீசல் அதன் பிறகு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. எழுதி வைத்துப் போனாலும் எழுதாமல் போனாலும் அதே எண்ணெய்தான். பின்பக்கம் இரட்டைச் சக்கரம் போட்ட ஆறு சக்கர வண்டியானால் டோல் இரண்டாம் வகுப்பு என்பதையும், கார் ஓட்டும் டி வகை உரிமம் 3,500 கிலோ வரை வெற்று எடை கொண்ட வண்டிக்குத்தான் என்பதையும் வாடகைக்கு எடுக்கும் முன்பே மச்சான் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு இந்த வேலை கை வந்தது.

யாருக்கு எது? தாய்லாந்து எல்லையைத் தாண்டுகிறவர்கள், பெருநாள் வாரத்தில் கிளம்புகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு வாரத்துக்குள் போய் வருகிறவர்கள், நியூசிலாந்து போல முன்பதிவில்லாமல் இடம் கிடைக்காத நாட்டுக்குக் கோடையில் போகிறவர்கள் முழுத் திட்டத்தோடு போகட்டும். இரண்டு பேர், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, நேரம் கையில் இருக்கிறது, வண்டி பழகியது என்றால் ஒன்றும் எழுதாமல் போகலாம். தங்கச்சி நினைப்பது போன்ற பயணம் அது. அது பொய்யில்லை, நான் மூன்று நாள் அதில் வாழ்ந்தேன்.

இவர்கள் மூவருக்கும் நான் சொன்னது இது. 15 இரவில் 7 இரவை மட்டும் பதியுங்கள். முதல் இரண்டு இரவு, ஏனென்றால் வண்டி புதிது, எந்தக் குழாய் எங்கே என்றே தெரியாது. கடைசி இரவு, ஏனென்றால் வாடகை வண்டியைக் கழுவி நேரத்தில் ஒப்படைக்க வேண்டும். நடுவில் நான்கு, கரண்டும் தண்ணியும் உள்ள இடங்களாக. மற்ற இரவுகளுக்கு நோட்டில் ஒரே ஒரு விதி: 3 மணிக்கு இடம் தேட ஆரம்பித்து 5 மணிக்குள் வண்டியை நிறுத்திவிடுவது. பகலில் எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். மூன்று நாளைக்கு ஒரு நாள் வண்டியை அசைக்கவே வேண்டாம்.

மச்சானுக்கு அரைமனசு. தங்கச்சிக்கும் அரைமனசு. அவளுக்கு 7 கூடுதல், அவருக்கு 7 பத்தாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஒரு மாதமாக இந்த மேசையில் பேச்சு நடக்கிறது, மூன்றாவது ஆளிடம் யாரும் கேட்கவே இல்லை. “பெரியம்மா, உங்களுக்கு எங்க போகணும்?” என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “குளுவாங் பக்கம் ஒரு தோட்டம்பா. நான் பொறந்த லயம். இப்ப இருக்குமோ, செம்பன போட்டுட்டாங்களோ. அந்த ஆத்துப் பாலம் மட்டும் இருந்தாக்கூடப் போதும்.”

மெர்சிங்கிலிருந்து குளுவாங்குக்கு உள்ளே ஒரு சாலை போகிறது. ஆனால் அந்தத் தோட்டம் எங்கே, இன்னும் அதே பெயரா, அங்கே எவ்வளவு நேரம் ஆகும், பழைய ஆட்கள் யாராவது இருப்பார்களா, ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். மச்சான் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். பத்தாம் நாள், பதினோராம் நாள் பக்கங்களில் எழுதியிருந்ததை எல்லாம் அழித்தார். ‘குளுவாங், அம்மா’ என்று மட்டும் எழுதினார். மணி போடும் கட்டத்தில் பேனாவை வைத்தவர், கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் நோட்டைத் தங்கச்சி பக்கம் திருப்பி வைத்தார். அவள் முதல் முறையாக அதை எடுத்துப் படித்தாள்.